நாலரைக்கு வருகிறவர்

"இப்ப கதைக்கேலாது. பின்னேரம் நாலரைக்கு வாங்கோ. அவர் அந்த நேரம் வீட்டை நிக்கமாட்டார்."

இந்த மூன்று வசனங்களில் முதல் இரண்டையும் ஒரு குடும்பப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து, பஸ்ஸில் போகும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு சொல்லும்படி பழக்கிய ஆள் நான். மூன்றாவதை அவளாகச் சேர்த்துக்கொண்டாள். அதற்கும் நான்தான் பொறுப்பு. உளவளத்துணையாளராக இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ மிஸ். ஆனா என்னை வடிவான ஆளா எழுதுங்கோ," என்றாள். அவள் வடிவான ஆள்தான். வலிகாமத்தில் ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியை. கணவர் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்பவர். ஐந்து வயதில் ஒரு மகள். இதற்கு மேல் அடையாளம் சொல்லமாட்டேன்.

மானிப்பாயில் ஒரு பழைய வீட்டின் முன்னறைதான் எங்கள் இடம். கேற்றில் பெயர்ப்பலகை கிடையாது. வைத்தால், "விசராக்களின்ரை இடம்" என்று ஊர் பைத்தியப் பட்டம் கட்டும், ஒரு சனமும் வராது என்று நாங்களே யோசித்துச் செய்த ஏற்பாடு. அவள் முதன்முதல் வந்த அன்று கதிரையில் இருக்க முதலே யன்னலைச் சாத்தச் சொன்னாள். பிறகு சொன்னாள். பதினெட்டு வயதில், ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, இடது காதுப் பக்கம் ஒரு ஆணின் குரல் கேட்கத் தொடங்கியதாம். சோதனை மண்டபத்தில் மேற்பார்வை பார்க்கிறவர் மாதிரி ஒரு கண்டிப்பான குரல். எங்களிடம் யார் வந்தாலும் முதலில் போரைத்தான் தேடுவோம். நானும் தேடினேன். "எல்லாருக்கும் நடந்ததுதான் மிஸ் எனக்கும். உது அதாலை வந்ததில்லை," என்று அவள் எரிச்சலோடு சொன்னாள்.

அவளுடைய தாய் தகப்பன் அவளை வைத்தியரிடம் காட்டிக் குளிசை எடுத்தார்கள். குளிசையால் குரல் பாதி குறைந்தது, போகவில்லை. பிறகு கலியாணம் பேசி வந்தபோது ஒரு வார்த்தை சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். கட்டி ஏழு வருடம். அந்த மனிதனுக்கு அதுவரை தெரியாது. தைரொயிட் குளிசை என்று சொல்லித்தான் அவர் முன்னாலேயே தினமும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில், குரல் என்ன சொல்கிறது என்று கேட்கவே கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கேட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கிறதாகிவிடுமாம். "அது உண்மையில்லை, குளிசையை விடாமல் போடுங்கோ" என்று சொல்லிக் கதையை மாற்ற வேண்டும். நானும் பல வருடம் கெட்டிக்காரியாகக் கதையை மாற்றினேன். பிறகு ஒரு பயிற்சிப் பட்டறையில் எனக்கு நல்ல பாடம் கிடைத்தது. ஒருவர் கடுதாசியைக் குழாயாகச் சுருட்டி என் காதில் வைத்து, "பிழை, பிழை, எல்லாரும் உன்னைத்தான் பாக்கினம், உன்னாலை ஏலாது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்; நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஐந்தாவது நிமிடம் என் பிறந்த திகதியைப் பிழையாக எழுதினேன். ஆறாவது நிமிடம், "வாயைப் பொத்தடா, கோதாரியிலை போவானே!" என்று கத்திவிட்டேன். அவர் எனக்கு மேலதிகாரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு முகமில்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் குரல் கேட்கிறவர்களிடம் ஒழுங்காகக் காது கொடுக்கப் பழகினேன். குரலோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், அதற்கு அடிமையாகவும் வேண்டாம். நேரகாலம் தெரியாமல் வீட்டுக்கு வந்து கரைச்சல் கொடுக்கிற ஒரு சொந்தக்காரரை எப்படி நடத்துவோமோ அப்படி நடத்த வேண்டும். மரியாதையாகக் கதைக்கலாம், ஆனால் எப்போது வரலாம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். குளிசையையும் வைத்தியரையும் விடக்கூடாது. இதைத்தான் அவளுக்கும் சொன்னேன். ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்கு வந்தார், அதற்கு முதல் என்ன நடந்தது, என்ன சொன்னார். இரண்டு கிழமையில் கொப்பி பாதி நிரம்பிவிட்டது. சனம் நெரிகிற பஸ்ஸில் வருகிறார். கணவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கப் பிந்தினால் வருகிறார். என்ன சொன்னார் என்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே வசனம்: உன்னை விட்டிட்டுப் போயிடுவான்.

பின்னேரம் நாலரையிலிருந்து நாலேமுக்கால் வரை குரலுக்கு என்று ஒதுக்கினோம். அந்த நேரம் கணவர் வேலையில் நிற்பார், பிள்ளை முற்றத்தில் விளையாடும். மற்ற நேரம் வந்தால், பிறகு வரச் சொல்ல வேண்டும். ஆனால் வாய்விட்டுச் சொன்னால்தான் குரல் அடங்குகிறது என்றாள். பஸ்ஸில் என்ன செய்வது? உதட்டைக் கடித்துக் கடித்து அதன் உள்பக்கம் புண்ணாகியிருந்தது. அப்போதுதான் அந்தப் புத்தி எனக்கு வந்தது.

"போனைக் காதிலை வைச்சுக்கொண்டு கதையும் பிள்ளை. பஸ்ஸிலை போற பாதிச்சனம் கனடாவோடைதான் கதைக்குது. உம்மை ஆர் பாக்கப்போகினம்?"

ஒத்திகையும் பார்த்தோம். நான் குரலாக இருந்து கரைச்சல் கொடுக்க, அவள் போனைக் காதில் வைத்து, "போடா நாயே, பிறகு வா!" என்றாள். நான் திருத்தினேன். "மரியாதையாச் சொல்லும். நாங்கள் பண்பாக் கதைச்சால் அவரும் கொஞ்சம் பணிவார். வாங்கோ எண்டு சொல்லும்." இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். அந்த வசனம் பின்சீட்டில் இருக்கிற ஒருத்திக்கு எப்படிக் கேட்கும் என்று இந்த மரமண்டைக்கு ஒரு கணம்கூட ஓடவில்லை.

மூன்று மாதம் நன்றாகவே போனது. உதட்டுப் புண் ஆறியது. முன்பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு கலைவிழாவே செய்தாள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. பிறகு ஒரு நாள் பஸ்ஸில் குரல் விடாமல், ஏன் நாலரைக்கு, ஏன் நாலரைக்கு என்று நச்சரித்திருக்கிறது. இவள் உள்ளதைச் சொன்னாள். அவர் அந்த நேரம் வீட்டை நிக்கமாட்டார்.

பின்சீட்டில் இருந்தது அவளுடைய மச்சாள். கணவரின் அக்கா, பக்கத்து வளவுக்காரி. அவள் பஸ்ஸில் இவளிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. இறங்கி நேரே தம்பியிடம் போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் மோட்டார் சைக்கிளைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். நாலு முப்பத்தைந்து. அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே மனைவியின் குரல்: "நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா நான் அப்பிடிச் செய்யமாட்டன். இன்னும் பத்து நிமிசம் இருக்கு." கதவை உதைத்துத் திறந்தார். அவள் மட்டும் கட்டில் விளிம்பில் இருந்தாள். குசினிப் பின்கதவு திறந்து கிடந்தது. ஓடிப்போய்க் கிணற்றடியில் பார்த்தார், வேலியால் எட்டிப் பார்த்தார். அயல் வீட்டு நாய் வேறு அந்த நேரம் பார்த்துக் குரைத்துத் துலைத்தது. அவருக்கு வேறு சாட்சி வேண்டுமா? திரும்பி வந்து, "ஆர் அவன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முற்றத்தில் நின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை அவள் என் முன்னால் இருந்து இதையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"சொல்லிப்போடுவம் பிள்ளை," என்றேன். "நான் வந்து கதைக்கிறன். இது நோய், வருத்தம், இப்பிடித்தான் எண்டு விளங்கப்படுத்தினால்…"

"வேண்டாம் மிஸ். செத்தாலும் வேண்டாம்."

"உம்மைக் கூடாத பெட்டை எண்டெல்லோ ஊர் கதைக்கப்போகுது!"

"கதைக்கட்டும். கள்ளப்புருசன் எண்டா அவரின்ரை காலிலை விழலாம். இனிச் செய்யமாட்டன் எண்டு பிள்ளையிலை சத்தியம் பண்ணலாம். ஒரு நாளைக்கு மனமிரங்கிப் பிள்ளையைத் தருவார். விசர் எண்டா என்னெண்டு சத்தியம் பண்ணுறது? இனி விசர் வராது எண்டோ? விசரியிட்டை ஆர் பிள்ளையைக் குடுப்பினம்? முன்பள்ளியிலையும் நாளைக்கே நிப்பாட்டிப்போடுவினம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல் இல்லை. அவள் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லையே, அந்த ஆத்திரம். எங்கள் ஊரில் கணக்கு அப்படித்தான். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு உண்டு, வந்த வருத்தத்துக்கு இல்லை.

அவள் கழுத்தை இடது பக்கம் அடிக்கடி சரித்துக்கொண்டிருந்தாள். "இப்ப என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"பாத்தியோ, நான் சொன்னனான் தானே எண்டுறார். பிள்ளை இனி வராதாம். நான் இருந்து என்ன பலன் எண்டு கேக்கிறார்."

இந்த இடத்தில் சுற்றி வளைக்கக் கூடாது. "சாகச் சொல்லுறாரோ?" என்று நேரே கேட்டேன். ஓம் என்றாள். ஏதாவது செய்ய நினைத்தீரோ என்று கேட்டேன். கிணற்றடியில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்ததாகச் சொன்னாள். அவள் முன்னாலேயே வைத்தியருக்குப் போன் எடுத்து, அன்று பின்னேரமே பார்க்க ஒழுங்கு செய்தேன். அவளுடைய தாயை வரச் சொன்னேன். தாய் வரும்வரை நீர் இந்தக் கதிரையை விட்டு எழும்பக் கூடாது என்றேன்.

அப்போதுதான் கேற் அடிபட்ட சத்தம் கேட்டது. விறாந்தையில் சப்பாத்துக் காலடி. கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். பஸ்ஸுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்து, றோட்டில் காத்து நின்றிருக்கிறார். பெயர்ப்பலகை இல்லாத வீடு, சாத்திய யன்னல். அதற்குள் மனைவி.

"எங்கை அவன்?"

நான் எழும்புவதற்குள் பின்னறைக்குப் போனார். கக்கூசுக் கதவைத் திறந்து அடித்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து அலுமாரியைத் திறந்தார். உள்ளே கோப்புகளும் என் குடையும் இருந்தன. பிறகு என்னைக் காலிலிருந்து தலைவரை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்கள்தானோ உவைக்கு வீடு குடுக்கிற ஆள்?"

ஐயோ என்ரை கடவுளே! ஐம்பத்தாறு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போய், மூன்று பிள்ளைகளைக் கரைசேர்த்த எனக்கு, தலை நரைத்த பிறகு இப்படி ஒரு பட்டம். நான் கை ஓங்காத குறை. ஒரு வசனத்தில் அவர் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அந்த வசனம் என்னுடையதில்லை, அவளுடையது. வாயைத் திறந்தால் அவளை விற்றவள் ஆவேன், மூடினால் தரகர் ஆவேன்.

"தம்பி, நீங்கள் நினைக்கிறது இல்லை. முதல்லை இருங்கோ," என்றேன்.

"இருக்க வரேல்லை. ஆர் அவன் எண்டு சொல்லுங்கோ, போறன். பிள்ளை நேற்றிலையிருந்து அம்மா அம்மா எண்டு அழுகுது. இவள் ஒரு பேரைச் சொல்லுறாளில்லை!" மேசையில் ஓங்கி அடித்தார். என் தேத்தண்ணிக் கோப்பை உருண்டு விழுந்தது. "சொல்லடி! ஆர் அவன்?"

நான் அவளைப் பார்த்தேன். சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே முகம் சுருங்கி, இடது பக்கம் திரும்பினாள். குரல் அவளிடம் என்னவோ கத்துகிறது என்று எனக்குத் தெரிந்தது. போன் மடியில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள். "நான் இவரோடை கதைக்க வேணும்."

அவரும் அந்தப் பக்கம் திரும்பினார். அங்கே சுவரும் ஒரு கலண்டரும்தான்.

"ஆரோடையடி கதைக்கிறாய்?"

"நீங்கள் தேடுறவரோடை."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. பதினெட்டு வயதிலிருந்து என்றாள். தைரொயிட் குளிசை இல்லை என்றாள். பஸ்ஸில் கதைத்தது, அறைக்குள் கதைத்தது எல்லாம் இந்தக் குரலோடுதான் என்றாள். பின்கதவு காத்துக்குத் திறந்ததாம்.

"அப்ப உங்கடை ஆக்கள் எங்களை ஏமாத்திப்போட்டினம்," என்றார்.

"ஓம்."

"நீயும் சேந்துதான்."

"ஓம்."

அவர் கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, கேட்கவே வெட்கப்படுகிறவர் மாதிரி, "என்னைப் பற்றி என்ன சொல்லுறவன்?" என்று கேட்டார்.

"நீங்கள் என்னை விட்டிட்டுப் போயிடுவியள் எண்டு."

"எப்பவிலையிருந்து?"

"தாலி கட்டின நாளிலையிருந்து. ஒவ்வொரு நாளும், அவர் அப்பிடியான ஆள் இல்லை எண்டுதான் நான் மறுமொழி சொல்லுறனான். நேற்றுத்தான் சொல்லேலாமல் போட்டுது."

அவர் வெளியே போனார். மோட்டார் சைக்கிள் இரண்டு மூன்று உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அழுதுகொண்டே மேசையைத் துடைத்தேன்.

வைத்தியர் அன்று பின்னேரம் குளிசையைக் கொஞ்சம் கூட்டினார். தாய் வந்து அவளோடு நின்றாள். புதன் போய், வியாழன் போய், வெள்ளியும் போனது. பிள்ளை வரவில்லை. நான் காலையும் மாலையும் போன் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் எடுக்கும்வரை மணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அவர் தனியே வந்தார். இந்த முறை சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, வரலாமா என்று கேட்டு வந்தார். அவளுடைய விருப்பத்தைப் போனில் கேட்டுவிட்டுத்தான் நான் வாய் திறந்தேன்.

"பிள்ளைக்கும் வருமோ?"

"வரும் எண்டும் சொல்லேலாது, வராது எண்டும் சொல்லேலாது தம்பி. அதுக்காகப் பிள்ளையைத் தாயிட்டை இருந்து பிரிச்சு வைச்சால், அது வேறை வருத்தமா வரும்."

"இவவுக்கு முழுக்க மாறுமோ?"

"சிலருக்கு மாறும். சிலருக்குக் குறையும். குறையாட்டிலும் வாழலாம். இந்தப் பதினாலு வருசம் அவ தனிய வாழ்ந்து காட்டியிருக்கிறா."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலரைக்கு நான் வீட்டை நிண்டால் என்ன செய்ய வேணும்?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். துரத்தவும் வேண்டாம், ஒட்டுக்கேக்கவும் வேண்டாம். ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ."

"எத்தினை பேருக்கு?" என்று கேட்டார். மெய்யாகத்தான் கேட்டார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்தவர் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

அன்று பின்னேரமே பிள்ளையைக் கூட்டிவந்துவிட்டார். அடுத்த கிழமை அவள் வந்து சொல்லித்தான் மிச்சம் எனக்குத் தெரியும். அவர் அக்கா வீட்டிலிருந்து பிள்ளையோடும் உடுப்புப் பையோடும் வெளிக்கிட, மச்சாள் பின்னாலேயே வந்து இவர்கள் கேற்றை மறித்துக்கொண்டு நின்றாளாம். றோட்டில் நாலு பேர் நின்று விடுப்புப் பார்க்க, "எடேய், மானங்கெட்டவனே! அப்ப பஸ்ஸிலை நான் கேட்டது பொய்யோ? அறைக்குள்ளை நீ கேட்டது பொய்யோ? ஒருத்தரும் வரேல்லை எண்டா உவள் ஆரோடை கதைச்சவள்?" என்று கத்தினாளாம்.

அவள் விறாந்தையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருத்தரும் வரவில்லை என்று சொன்னால், யாருமில்லாமல் கதைக்கிற பெண்ணுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

"வாறவர்தான்," என்றாராம். "எனக்குத் தெரிஞ்ச ஆள்தான் அக்கா. நான்தான் வரச்சொன்னனான். நீ வழியை விடு."

மச்சாள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். பிறகு நாலரைக்கு அவர் குசினியில் தேத்தண்ணி போடுவதையும் வேலியால் பார்த்திருக்கிறாள். முன்பள்ளியில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை மறித்தார்கள், மற்றப் பிள்ளைகள் வழக்கம்போல வருகிறார்கள். புருசனே ஒத்துக்கொண்ட பிறகு சனம் அவளை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவளுக்குக் குரல் கேட்பது அந்த ஊரில் அவரைத் தவிர இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. பெண்சாதியிடம் வருகிறவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிற ஆம்பிளை என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.